ஏரி வற்றியதும் படுகையில் பச்சை பிடிக்கிறதே, அது என்ன?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். தை பிறந்ததும் ஏரியில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். இறங்கிய இடமெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் தரையோடு தரையாகப் பச்சை படர்ந்துவிடுகிறது. யாரும் விதைப்பதில்லை. அது புல்லா, களையா? விதை எங்கிருந்து வருகிறது? இந்தக் கோடையில் பொக்லைன் வைத்து ஏரியை ஒரே சீராக ஆழமாக்கி, உள்ளே மரக்கன்றும் வைக்கலாம் என்று இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பச்சை போனால் ஏதாவது நஷ்டமா?"

நஷ்டம்தான். ஏன் என்று சொல்ல அந்தச் சேற்றிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

கரைமேல் நின்று பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். இறங்கிப் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தால், புல் அதில் ஒரு பங்குதான். ஒரு தண்டைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று உருண்டால் புல்லாக இருக்கலாம். மூன்று பட்டை தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. பாய் முடைகிற கோரை மாதிரி ஆளுயரம் வளர்கிற வகை இல்லை இவை. சாண் உயரம், விரல் உயரம். சைபெரஸ் மிக்கேலியானஸ் என்று ஒரு குட்டைக் கோரை உண்டு. கட்டைவிரல் உயரத்திலேயே பூத்து, விதைத்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். மீதி இருப்பதெல்லாம் பூண்டுகள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார்கள், கூடவே ஒரு கைவைத்தியமும் சொல்வார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை உள்வாயிலிருந்து, அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம் மெல்ல மேடேறுகிற சரிவிலிருந்து, தண்ணீரை நோக்கி நடந்து பாருங்கள். மேட்டில் அருகம்புல், அதோடு பின்னிக்கொண்டு பொடுதலை, சிறுபுள்ளடி. தண்ணீர் முதலில் விட்டுப்போன இடம் இது. கொஞ்சம் இறங்கினால் கொட்டைக்கரந்தை, ஊதா உருண்டைப் பூவோடு. மிதித்தாலே வாசனை மூக்கில் ஏறும். கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் புறப்பட்ட வீரர்கள் சூடிய கரந்தை இதுதான் என்று பலர் கொள்கிறார்கள். மாடு மேய்கிற தரையில் முளைக்கிற பூவை மாடு மீட்கச் சூடியது பொருத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்து செருப்படை. செருப்புக்காலால் மிதித்துத் தேய்த்த மாதிரி, தண்டும் இலையும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். இலை முழுக்கச் சுருக்கம். பக்கத்திலேயே மாசிப்பத்திரி, மஞ்சள் பொத்தான் போன்ற பூவோடு. இதே பெயரில் நாட்டு மருந்துக் கடையில் வேறொரு செடியும் கிடைக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் படுகையில் வளர்வதன் தாவரவியல் பெயர் கிராஞ்சியா மதராஸ்பட்டனா; பின்பாதிக்கு 'மதராசப்பட்டினத்தைச் சேர்ந்தது' என்று பொருள்.

இன்னும் இறங்கினால் கால் பதியும். அங்கே நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, நாலிலை ஆரை, கரிசலாங்கண்ணி. கல்லுருவியும் இருக்கும். அதற்கு இன்னொரு பெயர் நீர்மேல்நெருப்பு. தண்டு சிவந்திருக்கும், இலையை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்புளம் போடும், ஆகவே பெயர் வைத்தவர் அனுபவப்பட்டவர்தான். அதற்கும் கீழே வெறும் சேறு. குனிந்து பார்த்தால் அதுவும் வெறுமையாக இருக்காது, ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள் தெரியும்.

இந்த நடையில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். மேலே இருப்பது விதைத்து முடிகிற நிலையில், நடுவில் பூத்த நிலையில், கீழே இப்போதுதான் முளைவிடுகிற நிலையில். சில நூறு அடிக்குள் இரண்டு மாத வித்தியாசம். தண்ணீர் எந்த வாரம் எங்கே நின்றது என்பதை இந்தச் செடிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம் ஏரிகளுக்குக் கரை ஒரு பக்கம்தான், பிறை மாதிரி. எதிர்ப்பக்கம் நிலம் தானாக மெல்ல மேடேறும். அதனால் பச்சையும் பிறை பிறையாக, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கும்.

சரி, விதை எங்கிருந்து வருகிறது? வரவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. சார்லஸ் டார்வின் இங்கிலாந்தில் ஒரு சின்னக் குளத்தின் ஓரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து, மூன்று இடங்களில் மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்தார். காய்ந்தபின் எடை 6¾ அவுன்ஸ், அதாவது 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஒரு காலை உணவுக் கோப்பையில் போட்டுத் தன் படிப்பறையில் ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள். வாத்து, கொக்கு காலில் ஒட்டிய சேற்றோடு விதை ஊர்விட்டு ஊர் போகும் என்பதைக் காட்ட அவர் செய்த வேலை இது. நமக்கு வேண்டியது அதன் மறுபாதி: ஒரு கைப்பிடிச் சேறு என்பது ஒரு விதைக் குதிர்.

அந்தக் குதிர் எப்போது திறக்கும் என்பதில்தான் சூட்சுமம். தண்ணீருக்கு அடியில் சேறு இருட்டு. ஆக்சிஜன் மிகக் குறைவு. இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூடு. இந்த நிலையில் இந்த விதைகள் உறங்கும். தண்ணீர் விலகியதும் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. வெளிச்சம் படுகிறது, காற்று புகுகிறது, பகலில் சேறு சுட்டு விடியற்காலையில் குளிர்கிறது. இந்தக் குட்டைச் செடிகளின் விதை பெரும்பாலும் தூசி அளவுதான். அத்தனை சிறிய விதைக்கு ஆழத்திலிருந்து முட்டிக்கொண்டு மேலே வரத் தெம்பு கிடையாது. வெளிச்சம் படுகிற மேல்தோலில் இருந்தால் மட்டும் முளைப்பது அதற்கு நல்லது. அதனால் வெளிச்சத்தையும் சூட்டின் ஏற்ற இறக்கத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு விழிக்கிறது. அப்போதும் எல்லா விதையும் ஒரே வருடம் முளைத்துவிடாது. கையில் இருக்கிற நெல் முழுவதையும் ஒரே தடவையில் விதைத்துவிடாத விவசாயி மாதிரி, ஒரு பங்கு உள்ளேயே கிடக்கும். சித்திரையில் ஒரு பெருமழை வந்து, பாதி வளர்ந்ததையெல்லாம் முழுகடித்துவிட்டாலும், அடுத்த வருடத்துக்குச் சரக்கு இருக்கும்.

ஆரை இதில் இன்னும் ஒரு படி மேல். அது பூக்கிற செடியே இல்லை, பெரணி வகை. கொட்டை மாதிரி கெட்டி ஓட்டுக்குள் வித்துத்தூள்களை அடைத்துச் சேற்றில் விட்டுவிடும். படுகை பாளம் பாளமாக வெடித்துப் பல வருடம் காய்ந்தாலும் அந்தக் கொட்டைக்கு ஒன்றும் ஆகாது.

ஏன் எல்லாமே குட்டையாக இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். உயரமாக வளரவேண்டிய அவசியம் அங்கே இல்லை. காட்டில் செடி உயர்வது பக்கத்துச் செடியின் நிழலிலிருந்து தப்பிக்க. இங்கே ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்து, மாதக்கணக்கில் நின்று, உயரமான பல்லாண்டுச் செடி, புதர், மரக்கன்று எல்லாவற்றையும் மூச்சடைத்துக் கொன்றுவிடுகிறது. களையெடுக்கிற வேலையை ஏரியே செய்துகொடுக்கிறது. மிஞ்சிய வெட்டவெளிச் சேற்றில் பந்தயம் உயரத்தில் இல்லை, வேகத்தில். ஈரம் போவதற்குள் முளைத்து, பூத்து, விதையைச் சேற்றில் சேர்த்துவிட வேண்டும். சில வாரம்தான் அவகாசம். தரையோடு படுத்துக் கிடந்தால் காற்றில் ஈரம் குறைவாகப் போகும், ஆட்டு வாயிலிருந்து பாதி தப்பும், கீழே உள்ள மண்ணும் கொஞ்சம் நாள் நனைந்திருக்கும். கரிசல் ஏரிகளில் இன்னொன்றும் நடக்கும். வைகாசியில் மண் பிளக்கிற வெடிப்புக்குள் மேல்மண்ணும் விதையும் உதிர்ந்து விழும்; மழை பெய்து மண் ஊதும்போது அடிமண் மேலே தள்ளப்படும். யாரும் உழாமலே நிலம் தன்னைத்தானே கொஞ்சம் புரட்டிக்கொள்கிறது.

களையா என்று கேட்டீர்களே, அதற்கு இங்கேதான் பதில். வயலில் வந்தால் களைதான், சந்தேகமில்லை. கல்லுருவி, ஆரை, கரிசலாங்கண்ணி, சின்னக் கோரைகள், இவை எல்லாமே நெல் வயலில் பெண்கள் குனிந்து பிடுங்குகிற செடிகள். காரணம் எளிது. தண்ணீர் கட்டுவது, பிறகு வடிப்பது, இதைத்தானே நெல் வயலில் செய்கிறோம்? ஏரிப் படுகையைப் பாத்தி பாத்தியாகப் பெயர்த்து வைத்த இடம்தான் வயல். ஏரியில் பழகிய செடிக்கு வயலில் வித்தியாசமே தெரியாது. நெல்லுக்கும் அதே கதைதான். பயிர்நெல்லுக்குச் சொந்தமான ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல், மழையில் நிறைந்து கோடையில் காய்கிற குட்டைகளில் ஒரு வருடம் வாழ்ந்து முடிகிற புல். அந்தக் கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சோறாக்கிக்கொண்டோம், கூட வந்த மற்றவற்றைக் களை என்கிறோம்.

இப்படிப்பட்ட செடிக்கூட்டம் நமக்கு மட்டும் உரியது இல்லை. ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் இதைத் தனி வகுப்பாகவே பிரித்து, ஐசோயிடிஸ் என்ற செடியின் பெயரையும் குட்டை நாணலின் பெயரையும் சேர்த்து, ஐசோயிட்டோ-நானோஜுங்கிட்டியா என்று வாய்க்குள் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். செக் நாட்டின் தெற்கே திரெபோன் என்ற ஊரைச் சுற்றி நம் ஏரிகள் மாதிரியே கரைபோட்டுக் கட்டிய மீன் குளங்கள் ஏராளம். அவற்றில் பெரியது ரோஷம்பெர்க். 1584-ல் தொடங்கி 1590-ல் முடித்தார்கள். அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு குளத்தைக் கோடை முழுவதும் தண்ணீர் இல்லாமல் காயப்போடுவார்கள், சேறு ஆறட்டும் என்று. அந்தக் கோடையில் கோலியான்தஸ் என்று சில சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு புல் படுகையில் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்க வேண்டிய செடிகள் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. குளத்தை வருடம் முழுக்க நிறைத்தே வைத்திருந்தால் அந்தப் புல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. முதலில் சொன்ன குட்டைக் கோரை சைபெரஸ் மிக்கேலியானஸ் ஐரோப்பிய ஆற்றுச் சேற்றிலும் உண்டு, நம் ஏரிச் சேற்றிலும் உண்டு.

அந்த நீளப் பெயரின் முன்பாதிக்கு நம் கடற்கரையோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1785-ல் சாகும்வரை இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பியவற்றில் ஒன்றுக்கு லின்னேயஸின் மகன் வைத்த பெயர் ஐசோயிடிஸ் கோரமண்டலினா, சோழமண்டலக் கரையின் ஐசோயிடிஸ். மழைக்குட்டையிலும் ஏரி ஓரத்திலும் முளைக்கும். பார்த்தால் நாற்றங்காலில் தப்பிய நாற்றுக் கொத்து என்றுதான் தோன்றும், பல தடவை நானும் ஏமாந்திருக்கிறேன். பிடுங்கி இலையின் அடியை நகத்தால் கீறினால், அரிசிநொய் மாதிரி வெள்ளையாக வித்துகள் கொட்டும். பூ கிடையாது, காய் கிடையாது. மிகப் பழைய தாவரக் குலம் ஒன்றின் மிச்சம் அது, நம் எருமை மிதிக்கிற சேற்றில்.

அடுத்து, இதை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் ஆடு, மாடு. மாசியிலிருந்து வைகாசி வரை புறம்போக்கு, வரப்பு எல்லாம் காய்ந்திருக்கும்போது ஊரில் பச்சை மிஞ்சுவது ஏரி உள்வாயில்தான். மேய்ச்சல் இந்தச் செடிகளுக்குக் கேடு என்று நினைக்க வேண்டாம். உயரமாகக் கிளம்புவதை மாடு கடித்துவிடும், குட்டைக்கு வெயில் கிடைக்கும். குளம்பில் ஒட்டிய சேற்றோடு விதை அடுத்த குட்டைக்குப் போகும். அப்புறம் பறவைகள். ஈர விளிம்பில் உள்ளான், புல்லில் மாட்டுக் காலடியிலேயே பூச்சி பிடித்துத் திரிகிற மஞ்சள் வாலாட்டி, காய்ந்த தரையில் முட்டையிடுகிற ஆள்காட்டி. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து வருகிற வரித்தலை வாத்து மீன் தின்னாது. இமயத்தைத் தாண்டி வருகிற அந்தப் பறவைக்கு இங்கே வேண்டியது ஏரி ஓரத்துக் குட்டைப் புல்.

இப்போது உங்கள் பொக்லைனுக்கு வருகிறேன். தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருக்கின்றன, பலவற்றில் வண்டல் மேடிட்டு மதகே அடைபட்டுக் கிடக்கிறது. வண்டலை எடுத்து வயலில் போடுவது நம் பழைய பழக்கம், நல்ல பழக்கம். சிக்கல் "ஒரே சீராக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. உள்வாயில் 200 அடிக்கு ஒரு அடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஒரு அடி இறங்கினால் 200 அடி அகலத்துக்குச் சேறு வெளிப்படும். கோடையில் ஆவியாகி மட்டும் நாளைக்கு அரை சென்டிமீட்டர் போகிறது என்றாலும், தினம் ஒரு மீட்டர் புதுச் சேறு. மூன்று நாலு மாதம் விடாமல் இப்படியே போகும், அதுதான் நீங்கள் பார்க்கிற பச்சைப் பிறைகள். அதே ஏரியைத் தொட்டி மாதிரி செங்குத்தாக வெட்டினால், ஒரு அடி இறங்கும்போது வெளிப்படுவது ஒரு அடி. அதுவும் வெட்டிய சுவரின் அடிமண். முளைக்க இடம் இல்லை, மேய இடம் இல்லை, வழுக்கி விழுகிற மாட்டைக் கயிறு போட்டு இழுக்க வேண்டிவரும். நான் வருடக்கணக்கில் போய்வந்த ஒரு சிறிய ஏரியில் இதுதான் நடந்தது. நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். மறு வருடம் மாசியில் போய்ப் பார்த்தேன். நடுவில் ஆழமாகத் தண்ணீர், சுற்றிலும் செம்மண் சுவர். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடத்தில் சீமைக்கருவேலம் இடுப்பளவு நின்றது.

மேல் சில அங்குலத்தில்தான் அந்த விதைக் குதிர் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். படுகை முழுவதையும் ஒரே கோடையில் மூன்றடி வழித்தால், பல வருடச் சேமிப்பு லாரியில் ஏறிப் போய்விடும். பக்கத்து ஏரியிலிருந்து மாடும் பறவையும் மறுபடி கொண்டுவரும்தான், ஆனால் பக்கத்து ஏரியும் அதே கோடையில் வழிக்கப்பட்டிருந்தால்?

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். கரையை ஒட்டி, மதகுக்கு முன்னால் ஆழப்படுத்துவேன். தண்ணீர் தேங்க வேண்டியதும் அங்கேதான். கரையின் அடித்தளத்தைத் தோண்டிவிடாமல் தள்ளி வெட்டச் சொல்வேன். உள்வாய்ச் சரிவைத் தொடமாட்டேன். அங்கே மண் எடுத்தே ஆகவேண்டும் என்றால் பட்டை பட்டையாக, ஒரு வருடம் ஒரு பட்டை, நடுவில் உள்ளதை அப்படியே விட்டு. சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு எடுப்பேன், அதற்குப் பொக்லைன் தாராளமாக வரட்டும். மரக்கன்றைக் கரையின் வெளிப்பக்கத்திலும், தெருவிலும், பள்ளிக்கூடத்திலும் வைப்பேன், ஏரிக்குள் வைக்கமாட்டேன். 1980-களில் சமூகக் காடு வளர்ப்பு என்று பல ஏரிகளின் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். விறகு கிடைத்தது, உண்மைதான். அடர்ந்த நிழலில் படுகைப் பச்சை மெலிந்ததும் உண்மை. வேடந்தாங்கலில் நாரையும் நத்தைகுத்தியும் கூடு கட்ட மரம் வேண்டும். உங்கள் ஏரி ஆள்காட்டிக்கும் ஆட்டுக்கும் வெட்டவெளியாகவே இருக்கட்டும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம், செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். அடியில் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஆற்றுமணலைக் கொஞ்சம் பரப்புங்கள். தண்ணீர் இப்போதுதான் விட்ட இடத்தின் மேல்சேறு ஒரு தட்டில், உள்வாய் மேட்டின் மேல்மண் ஒன்றில், மூன்றடி தோண்டிய குழியின் அடிமண் ஒன்றில், அரை அங்குல கனத்துக்குப் போடுங்கள். நாலாவதில் வெறும் மணல் மட்டும், காற்றில் வந்து விழுகிற விதையைக் கழிக்க. அகலமான பாத்திரத்தில் சிறிது தண்ணீர் விட்டு அதில் தட்டுகளை வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். மேலே ஊற்றி முழுகடிக்க வேண்டாம். வெயில் படட்டும், கோழி கிளறாமல் வலை போடுங்கள். முளைத்ததை வாரம் ஒருமுறை எண்ணி, பிடுங்கி, நோட்டில் எழுதுங்கள். ஆறேழு வாரம் போதும். பொக்லைனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டை ஊர்க் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.